அத்தா கேட்ட சின்ன டேப்

எங்கள் அத்தா கலீல் ரஹ்மான் மேட்டுப்பாளையம் வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறினால், குன்னூரில் தூங்குகிற குரங்குகள் எழுந்து உட்கார்ந்து விலை கேட்கும். மலை ரயில் நீராவி இல்லாமலே கல்லாறு வரைக்கும் போய்விடும். பவானி ஆறு கொஞ்சம் நின்று, தார் யாருக்கு விழுந்தது என்று தெரிந்துகொண்டுதான் மேலே ஓடும். ஒருமுறை அவர் 'மூணு தரம்' என்று சொன்ன சத்தம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போய், அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வாய் திறப்பதற்கு முன்னாலேயே கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டதாகக் கேள்வி. இதெல்லாம் பொய் என்று சொல்கிறவர்கள் அவர் குரலைக் கேட்டதில்லை. இனிமேல் கேட்கவும் முடியாது. தொண்டையில் புற்று வந்து, கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

இப்போது அவர் கழுத்தின் அடியில் ஒரு துளை இருக்கிறது. மூச்சு அது வழியாகத்தான் போகும், வரும். அதன் மேல் அம்மா தைத்துக் கொடுத்த வெள்ளைத் துணி. கழுத்தில் அழுத்திப் பேசுகிற ஒரு கருவியை டாக்டர் காட்டினார். அதை வைத்து அத்தா முதலில் மகளான என் பெயரைத்தான் சொன்னார். "ரிஃபத்" என்று மிக்ஸி கூப்பிட்ட மாதிரி இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அத்தாவும் சிரித்தார்; தோள் மட்டும் குலுங்கியது, சத்தம் வரவில்லை. பிறகு கருவியை டாக்டர் பக்கமே தள்ளி வைத்துவிட்டார். வேறு வழிகள் அவர் தொண்டைக்கு ஒத்துவராது என்று டாக்டரும் கை விரித்துவிட்டார்.

ஏலம் கூறுவது என்றால் கத்துவது என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். கத்துவது பாதிதான். மீதி பார்ப்பது. எங்கள் மண்டியில் எந்த வியாபாரியும் வாய் திறந்து விலை கேட்க மாட்டான். ஒருவர் புருவத்தை ஏற்றுவார். ஒருவர் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றுவார். ஒத்தப்பாலத்திலிருந்து வருகிற பெரிய வியாபாரி ஒருவர் கைக்கடிகாரத்தைத் தொடுவார், அவ்வளவுதான். வரிசையாகச் சாய்த்து வைத்த தார்களுக்கு முன்னால் ஒரு பலகை போட்டிருக்கும். அதன் மேல் ஏறி நிற்கிற ஆள், இத்தனை முகத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு, பார்த்ததை விலையாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். 'மூணு தரம்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு மண்டி முதலாளியே வந்து அழுதாலும் மாற்றக்கூடாது. அது மண்டியின் சட்டம்.

மண்டி முதலாளி கோவிந்தராஜுலு நாயுடுவின் மச்சானே ஒருநாள் வந்து, நான் விலை கேட்கவில்லை, மூஞ்சியில் உட்கார்ந்த ஈயைத்தான் ஓட்டினேன் என்று தகராறு செய்தார். அத்தா பலகையிலிருந்து இறங்கவே இல்லை. "ஈ ஓட்டறதா இருந்தா வெளிய போயி ஓட்டிட்டு வாங்க. தாரு உங்களுதுங்க" என்றார். நாயுடு மச்சானைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். மச்சான் அந்தத் தார்களை எடுத்துக்கொண்டுதான் போனார்.

அப்படிப்பட்ட பலகையில் இப்போது பாலகோபால் நிற்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் 'அடுத்துங்க' என்கிற சொல்லை மூக்கால் சொல்வார். அத்தா தினமும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய், எடைக் கல் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பாலகோபாலைப் பார்த்துவிட்டு வருவார். அந்தப் பலகையில் மறுபடி ஏற வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். சாப்பாடு, மருந்து, தூக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உக்கடத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் இல்யாஸ் மாமு, அம்மாவின் தம்பி, ஒருநாள் ஒரு பழைய சின்ன டேப்லெட் கம்ப்யூட்டரை, அவர் பாஷையில் டேப்பை, கொண்டுவந்தார். எழுதினால் அதைப் பேசிக் காட்டுகிற ஆப் ஒன்று அதில் போட்டிருந்தார். போனில் போட்டால் அத்தாவின் விரலுக்கு ஒரே அழுத்தில் மூன்று எழுத்து விழுகிறது. பெரிய டேப்பைக் கழுத்தில் தொங்கவிட்டால் ஸ்கூல் சிலேட்டு மாதிரி இருக்கிறது, துளையையும் மூடுகிறது. இது உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. நெஞ்சில் தொங்கும். வயர் குத்துகிற ஓட்டை இருந்ததால் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியையும் மாட்டி இடுப்பில் கட்டலாம். இந்தச் சின்ன சைஸையே கம்பெனிக்காரன் மறந்துபோட்டான், ஆனால் புதுசு ஒன்று வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது என்று மாமு சொன்னார். அந்தப் பேச்சை அத்தா பிடித்துக்கொண்டார்.

ஒரு சங்கடம்: அந்த டேப்பில் தமிழ் பேசுவது ஒரு பெண். நியூஸ் வாசிக்கிற மாதிரி, மடிப்புக் கலையாத பெண். ஊரையே எழுப்பிய மனிதர் முதல்முதலாக எழுதி, அழுத்தி, எங்கள் அம்மா சாஜிதா பேகத்தைப் பார்த்து, "சாஜிதா. குழம்பில் உப்பு குறைவு" என்று அந்தப் பெண்ணை விட்டுச் சொன்னார். அம்மா கரண்டியோடு திரும்பி நின்றாள்.

"யாருங்க இவ? என் அடுப்படில வந்து உப்புப் பாக்கறா?"

ஆண் குரல் வேண்டுமானால் புது மாடல்தான் என்றார் மாமு. அத்தா தலையாட்டினார். புது மாடலிடம் கேட்க வேண்டியவற்றில் அது முதலாவது ஆனது.

அந்த ஆப்பில் பொத்தான்களைச் செய்து கொடுத்தது நான். பிளஸ் ஒன்னில் கணக்கும் நானும் ஒருவருக்கொருவர் ஒத்துவராமல் பிரிந்துவிட்டோம். அதிலிருந்து வீட்டில் எனக்கு வேலை இல்லாத வேலை நிறைய. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு முழு வாக்கியம் பேசும்படி வைக்கலாம். 'டீ வேணும்' என்ற பொத்தானுக்குள் ஒருநாள், "சாஜிதா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுதி வைத்துவிட்டேன். சாயங்காலம் அத்தா டீக்காக அழுத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாக்கியத்தைக் கேட்டிராத அம்மா, சப்பாத்தி மாவுக் கையோடு உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, கேட்காமலே டீ போட்டு, கூட முறுக்கும் வைத்தாள். அத்தா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்தப் பொத்தானை அவர் மாற்றச் சொல்லவே இல்லை. டீ வேண்டும்போதெல்லாம் அதையே அழுத்தினார்.

ஆனால் பலகைக்கு அது போதாது. வீட்டில் அம்மாவையும் என்னையும் வியாபாரிகளாக நிற்கவைத்து அத்தா பழகிப் பார்த்தார். நான் புருவத்தை ஏற்றுவேன். அவர் பொத்தானைத் தேடிக் குனிவார். குனிந்த நேரத்தில் அம்மா முந்தானையை மாற்றியிருப்பாள், அது அவர் கண்ணில் படாது. கண்ணாடி வழவழவென்று இருக்கிறது; எந்தப் பொத்தான் எங்கே என்று விரலுக்குத் தெரிவதில்லை. குனிந்தால் முகம் போகிறது, முகத்தைப் பார்த்தால் விலை போகிறது. சத்தம் பெரிய விஷயமே இல்லை என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. பார்க்காமல் அழுத்த வேண்டும்.

கண்ணாடி மேல் மேடு வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நெயில் பாலிஷ் சொட்டு வைத்துக் காயவிட்டால் விரலுக்குத் தட்டுப்படும், டேப்பும் வேலை செய்யும். நகத்தில் பூசினால் தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற ஒளு சேராது என்று எங்கள் வீட்டில் நெயில் பாலிஷ் வாங்குவதே கிடையாது. பக்கத்து வீட்டு அன்புச்செல்வி அக்காவிடம் கேட்டேன். யாருக்கு என்றார். அத்தாவுக்கு என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டார். மேல் வரிசையில் நூறுகள், நடு வரிசையில் பத்துகள், நட்டநடுவில் ஐம்பது, கீழ் வரிசையில் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புச் சொட்டு. ஏலம் கூறுகிற மனிதரின் நெஞ்சில் அம்மை போட்ட மாதிரி இருந்தது.

அத்தா பழகினார். பல் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, தொழுதுவிட்டு வந்து செருப்பு மாட்டும்போதுகூட விரல் அந்தக் கண்ணாடி மேல் ஓடிக்கொண்டிருக்கும். குளியலறைக்குள்ளிருந்து அந்த நியூஸ் பெண் "மூணு தரம், மூணு தரம்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மற்ற எல்லாவற்றையும் விட அதைத்தான் அவர் அதிகம் அழுத்தினார். அந்தக் காலத்திலும் அவருக்குப் பிடித்த சொல் அதுதான். முடித்து வைக்கிற சொல்.

இன்னொரு பக்கம் புது மாடலுக்குக் காத்திருந்தோம். புதுச் சின்ன டேப்பில் என்னென்ன வேண்டும் என்று உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் இங்கிலீஷில் எழுதித் தள்ளுகிற ஒரு பக்கம் நெட்டில் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் போனில் அதைத் திறந்து அத்தாவுக்குத் தமிழில் சொல்வேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. ஒருவனுக்குக் கண்ணாடியைச் சுற்றி இருக்கிற கறுப்பு ஓரம் மெலிசாக வேண்டும். ஒருவனுக்கு ஊதா கலர் வேண்டும். விளையாடும்போது சூடாகக் கூடாது. படுத்துக்கொண்டு படம் பார்த்தால் கை வலிக்கக் கூடாது. அடிக்கடி பேசுகிற சொல் தானாகவே கைக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று எங்கள் ஆப்பைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள்.

அத்தா தனக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தார். பார்க்காமல் தொட்டால் தெரிகிற மேடு. வெயிலில் தெரிகிற எழுத்து. தார் வெட்டின பால் ஒட்டிய கைக்கும் வேலை செய்ய வேண்டும். ஆம்பளைக் குரல். கடைசியில், "கூடுமானால்" என்று ஒரு சொல் சேர்த்திருந்தார். கம்பெனிக்காரனிடமும் மரியாதை.

அதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்தப் பக்கத்தில் போட்டேன். மறுநாள் ஒரே ஒரு பதில் வந்திருந்தது. பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மூஞ்சி. மெகாபோன் ஒன்று வாங்கிக்கொள் என்று எவனோ எழுதியிருந்தான்.

அத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனிக்காரங்க நோட் பண்ணிக்கிட்டாங்களாமுங்க அத்தா" என்றேன். "மேடு நல்ல யோசனைன்னு போட்டிருக்கறாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அன்றிலிருந்து மத்தியானங்களில் நான் படிப்பதும் அவர் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. கம்பெனி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் முன்னேறியது. ஒரு வாரம் மேடு, ஒரு வாரம் ஆம்பளைக் குரல். நான் படித்து முடித்ததும் அவர் டேப்பில் இயர்போனை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். மார்க்கப் பேச்சு, பயான் கேட்கிறார் என்று அம்மா சொல்வாள்.

ஆடிக் காற்று அந்த வருடம் வாழைகளைப் பாயாகச் சுருட்டிப் போட்டது. காரமடைப் பக்கத்துத் தெய்வாத்தாள் அக்காவின் நேந்திரன் தோட்டத்தில் பாதிக்கு மேல் தரையில். புருசன் இல்லாத மனுசி. அத்தா ஏலம் கூறிய காலம் முழுக்க அந்த அக்காவின் தார்கள் எங்கள் மண்டிக்குத்தான் வரும். மீதம் நின்ற வாழைகள் ஓணத்துக்குத் தயாராயின. நேந்திரனுக்கு ஓண விலைதான் விலை. கேரளா வியாபாரிகள் அந்த ஒரு வாரம் கடிகாரத்தை விட்டுக் கையை எடுக்க மாட்டார்கள். அந்தத் தார்கள் நல்ல விலைக்குப் போனால்தான் தெய்வாத்தாள் அக்கா அடுத்த கன்று நட முடியும்.

அவர் நாயுடுவிடம் போய், தன் வரிசையைக் கலீல் பாய்தான் கூற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நாயுடு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"அவங்க ஒரு வரிசை மட்டும் கூறுங்க பாய். சரியா வந்துச்சுன்னா அப்பறம் பாப்பம்" என்றார்.

அத்தா பொத்தானைப் பார்க்காமலே அழுத்தினார். "சரிங்க. வாரனுங்க" என்றாள் நியூஸ் பெண். அதை நாயுடுவின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார். நாயுடுவுக்கு அது புரிந்தது, லேசாகச் சிரித்தார்.

ஏலத்தன்று காலை மண்டியில் லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. ஸ்பீக்கர் பெட்டியை அத்தாவின் இடுப்பில் கட்டி வயரைக் குத்தினேன். பொம்பளைப் பிள்ளைக்கு மண்டியில் என்ன வேலை என்று கேட்ட சுமைதூக்கிகளிடம், நான் இவரோட பேட்டரிங்க என்றேன். அத்தா மேல் வரிசையில் ஒரு பொத்தானை அழுத்திச் சத்தம் பார்த்தார். "நூறுங்க" என்றாள். நன்றாகக் கேட்டது. பலகையில் ஏறினார். அவர் ஏறியதும் பேச்சு தானாக அடங்கியது. பழக்க தோஷம்.

தொடங்கினார். குனியவே இல்லை. புருவம், துண்டு, புருவம். எங்கேயாவது ஒன்று அசைந்தால் இங்கே அந்தப் பெண் விலை சொன்னாள். முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. நூறு நூறாக ஏறியது. அத்தாவின் கண் பழைய மாதிரி மண்டி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. தெய்வாத்தாள் அக்கா தன் தார்களுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளூர் வியாபாரி ஒருவர் துண்டை மாற்றினார், நானூறு. விலை இன்னும் பாதிகூட ஏறவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒத்தப்பாலத்துக்காரர் கடிகாரத்தைத் தொட்டார். அத்தா பார்த்துவிட்டார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் பார்க்காத சந்தோஷம். ஒத்தப்பாலத்துக்காரரையே பார்த்துக்கொண்டு, நடுவில் இருக்கிற ஐம்பதுக்கான மேட்டை விரலால் தேடி அழுத்தினார்.

"மூணு தரம்" என்றாள் அந்தப் பெண்.

அத்தா குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்புச் சொட்டு அதே இடத்தில்தான் இருந்தது. அதற்கு அடியில் இருந்த பொத்தான்தான் மாறியிருந்தது. விடிவதற்குள் ஆப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. மேலே சின்ன எழுத்தில், நீங்கள் அதிகம் பேசும் சொல் இனி உங்கள் கைக்கு அருகில் என்று போட்டிருந்தது. எவனெவனோ கேட்டது கிடைத்துவிட்டது. அத்தா அதிகம் பேசிய சொல்லை அது கொண்டுவந்து நட்டநடுவில் வைத்திருந்தது.

உள்ளூர் வியாபாரியின் ஆள் சுண்ணாம்பு டப்பாவோடு தார்களில் குறி போட இறங்கிவிட்டான். ஒத்தப்பாலத்துக்காரர் கடிகாரக் கையைத் தூக்கிக் காட்டி, தான் கேட்டதாகச் சத்தம் போட்டார். நாலு பக்கமும் பேச்சு எழுந்தது. தெய்வாத்தாள் அக்கா மட்டும் சத்தம் போடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பாய் சொன்னா சொன்னதுதானுங்களே. உடுங்க" என்றார். அவருக்கு மண்டிச் சட்டம் தெரியும். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அத்தாவின் வாய்தான்.

நாயுடு பலகைக்குப் பக்கத்தில் வந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அப்படித்தான் கேட்க வேண்டும்.

"பாய், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மூணு தரம்னு சொன்னது நீங்களா, பொட்டியா? நீங்கன்னா முடிஞ்சுதுங்க, நானூறுக்குத் தாரு உள்ளூர்க்காரருக்கு. பொட்டி தானா சொல்லுச்சுன்னா மறுக்காக் கூறலாம்."

அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது, அத்தாவுக்குத் தெரியாதா. சொன்னது நான்தான் என்றால், அவர் ஏலம் கூறுகிறவர். அந்தப் பெண் பேசுவது அவர் பேச்சு. நாளைக்கும் பலகையில் நிற்கலாம். ஆனால் தெய்வாத்தாள் அக்காவின் ஓணம் அங்கேயே முடிந்தது. பெட்டி சொன்னது என்றால் தார்கள் தப்பிக்கும். அதன் பிறகு இந்தப் பெட்டி சொல்கிற எந்த 'மூணு தரத்தை'யும் யாரும் நம்ப வேண்டியதில்லை. அவர் வாயாலேயே, இல்லாத வாயாலேயே, அதைச் சொன்னதாகிவிடும்.

அவர் தெய்வாத்தாள் அக்காவைப் பார்த்தார். அக்கா தார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா கழுத்திலிருந்து வாரை எடுத்தார். டேப்பைப் பலகை மேல் வைத்தார். இடுப்பிலிருந்த ஸ்பீக்கர் பெட்டியை அவிழ்த்து அதன் பக்கத்தில் வைத்தார். அதைக் கையால் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, இல்லை என்று கையை ஆட்டிவிட்டு, பலகையை விட்டு இறங்கினார்.

"அப்ப பாலகோபால் கூறட்டும்" என்றார் நாயுடு.

பாலகோபால் மூக்கால் கூறினார். விலை ஏறியது. ஒத்தப்பாலத்துக்காரருக்கே தார்கள் விழுந்தன, நல்ல ஓண விலைக்கு. அத்தா ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தெய்வாத்தாள் அக்கா அவர் பக்கத்தில் வந்து நின்றார். நாயுடுதான் சொன்னார், மெதுவாக.

"தப்பா நெனைச்சுக்காதீங்க பாய். பொட்டி சொல்றது சொல்லு இல்லீன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்க. இனி நான் எப்படீங்க அதைப் பலகையில ஏத்தறது?"

அத்தா அவர் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்துவிட்டார். அன்றோடு அவர் மண்டிக்குப் போவதும் நின்றது.

டேப் பிரிட்ஜ் மேல் போய் உட்கார்ந்தது. காலையில் சட்டை போடுவதும் நின்றது. டீ வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவார். வேறு எதற்கும் எதையும் காட்ட மாட்டார். தெய்வாத்தாள் அக்கா ஒரு தார் நேந்திரன் கொடுத்தனுப்பினார்; அது சமையலறை மூலையில் தொங்கித் தானாகப் பழுத்து, தானாகக் கறுத்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதை அறுக்கக் கை வரவில்லை. ஒருநாள் அம்மா சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். வேண்டுமென்றே உப்பே போடவில்லை. அத்தா பேசாமல் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா என்னிடம் வந்தாள்.

"உப்பு இல்லீன்னு சொல்றதுக்காச்சும் அந்தப் பொம்பளையக் கூட்டியாடி" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்த அடுப்பை.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை எடுத்துக்கொண்டு அத்தாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதுச் சின்ன டேப் வந்தேவிட்டது. ஊதா கலரில் வந்திருந்தது. ஓரம் மெலிசாக இருந்தது. கண்ணாடி முன்பைவிட வழவழப்பு என்று அதையே ஒரு பெருமையாகப் போட்டிருந்தார்கள். வயர் குத்துகிற ஓட்டையை எடுத்துவிட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் கேட்டது கிடைத்த சந்தோஷத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தா, வந்துருச்சுங்க" என்றேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணாடியில மேடு வெச்சிருக்கறாங்க. பாக்காமயே அழுத்தலாமாம். மேட்டுப்பாளையத்துல ஒரு பெரியவர் கேட்டாருன்னு பேரு போடாம சொல்லியிருக்கறாங்க. ஆம்பளைக் குரல் மூணு தினுசாம். ஒண்ணு கொஞ்சம் கட்டைக் குரலு, உங்களுது மாதிரியேங்க. பொத்தான் தானா எடம் மாறவே மாறாதாம். அதுக்குன்னு தனியா ஒரு பூட்டு."

பூட்டு நன்றாக வந்தது என்று எனக்கே தோன்றியது. மேலே போனேன். தார் பால் பட்டாலும் வேலை செய்யும், வெயிலில் பளிச்சென்று தெரியும், இடுப்பில் பெட்டியே வேண்டாம், ஊட்டி வரைக்கும் கேட்கும். என்னென்ன வந்ததோ அதையெல்லாம் கொடுத்தேன். போனில் எழுத்து கலங்கித் தெரிந்தது. அதனால் ஒன்றும் குறையவில்லை, அதில் இல்லாததைத்தானே படித்துக்கொண்டிருந்தேன்.

அத்தா எழுந்து உட்கார்ந்தார். மெதுவாகப் போய் பிரிட்ஜ் மேலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். இத்தனை நாள் சார்ஜ் போடாமல் கிடந்தது. வயரைத் தேடி நான் எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பட்டனை அழுத்தினார். உடனே வெளிச்சம் வந்தது. மூலையில் பார்த்தேன். சார்ஜ் நிறைந்திருந்தது.

அவர் எழுத நேரமாயிற்று. சிவப்புச் சொட்டுகளை எப்போதோ நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார். கண்ணாடி சுத்தமாக இருந்தது. சமையலறையில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு நியூஸ் பெண், ஒரு ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், வாசித்தாள்.

"கண்ணு. மேடும் இல்லை, பூட்டும் இல்லை. வயர் ஓட்டையே இல்லையாம். இங்கிலீஷ் பக்கத்தைத் தமிழில் படித்துக் காட்டுகிற பொத்தான் இதிலேயே இருக்கிறது. மெகாபோன் வாங்கச் சொன்னவன் எழுதியதையும் அன்றைக்கே இதில் கேட்டுவிட்டேன்."

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவர் அதை எடுத்து, நிமிர்த்தி, மறுபடி என் கையிலேயே கொடுத்தார். இன்னும் கொஞ்சம் எழுதினார்.

"நீ படிக்கிற டேப்தான் நல்லா இருக்கிறது. மேலே படி. வேறென்ன கொடுக்கிறான்?"